கொள்ளைநோயும் மார்பகப் பரிசோதனையும்

கொள்ளைநோய் ஒன்று நாட்டினுள் நுழையும்போது ஏனைய நோய்கள் ஒதுங்கி நின்று அதற்கு வழிவிடுவதில்லை. காய்ச்சலைப் பற்றியே ஊர் முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் நாள்களிலும் நீரிழிவு தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். மார்பகத்தில் தோன்றிய சிறு கட்டி, எவரும் அதைக் கவனிக்கவில்லை என்பதற்காக வளராது நின்றுவிடாது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொவிட் நோயினால் இறந்தோரை நாடுகள் எண்ணிக் கணக்கிட்டன. அந்நோய்க்கு அஞ்சி மூடப்பட்ட பரிசோதனை நிலையங்களின் வாசலோடு திரும்பிய பெண்களையும், வாசல் வரை வராமலே இருந்துவிட்ட பெண்களையும் எண்ணுவது அத்துணை எளிதன்று. அவ்வாறு தவறவிடப்பட்டோர் எல்லா இனங்களிலும் ஒரே அளவினராய் இருந்தனரா? இல்லையெனில் அதற்குக் காரணம் யாது? யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பெண்களுக்கு அதனால் அறியத்தக்கது என்ன? இவையே இங்கு ஆராயப்படும் வினாக்கள்.

நோயின் அறிகுறி எதுவும் தோன்றாத நிலையில், சுகமாக இருப்பதாகக் கருதும் ஒருவரிடம் நோய் மறைந்திருக்கின்றதா எனத் தேடிப் பார்த்தலை முன்னறிப் பரிசோதனை எனலாம். மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை இத்தேடலுக்கு மூன்று வழிகள் உள. பெண் தன் மார்பகத்தைத் தானே மாதந்தோறும் தடவிப் பார்த்து அதன் இயல்பை அறிந்து வைத்திருத்தல் ஒன்று. பயிற்சி பெற்ற வைத்தியரோ, தாதியோ, மருத்துவமாதோ கையினால் தொட்டுச் சோதித்தல் மற்றொன்று. மமோகிராம் எனப்படும் கதிர்ப்படம் எடுத்தல் மூன்றாவது. கைக்கு அகப்படாத சிறு கட்டியையும் கதிர்ப்படம் காட்டவல்லது. 1963இல் நியூயோர்க் நகரில் ஏறத்தாழ 62,000 பெண்களைக் கொண்டு தொடங்கப்பட்ட ஆய்வே, கதிர்ப்படமும் கைப்பரிசோதனையும் சேர்ந்து இந்நோயினால் நேரும் மரணங்களைக் குறைக்கும் என்பதை முதன்முதலாக முறைப்படி எடுத்துக்காட்டியது.

காலத்தே காண்பதன் பயன் பெரிது. அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கணக்கின்படி, நோய் மார்பகத்தை விட்டு வெளியே பரவாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 99 பேர் வரையில் ஐந்து ஆண்டுகளின் பின்னும் இந்நோய்க்கு இரையாகாது வாழ்கின்றனர். ஈரலுக்கோ எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவிய பின்னர் கண்டுபிடிக்கப்பட்டால் அத்தொகை ஏறத்தாழ மூவரில் ஒருவராகக் குறைகின்றது. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது; 6,85,000 பேர் அதனால் இறந்தனர். இலங்கையிலும் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் இதற்கே உரியது. பெண்களிடம் காணப்படும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மார்பகப் புற்றுநோயாகும்.

இனி, கொள்ளைநோய்க் காலத்துக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவிலே வருமானம் குறைந்த, காப்புறுதி வசதியற்ற பெண்களுக்கென மத்திய அரசின் உதவியோடு நடத்தப்படும் பரிசோதனைத் திட்டம் ஒன்று உண்டு. 2020 ஏப்ரில் மாதத்தில் அத்திட்டத்தின் கீழ் நடைபெற்ற மார்பகப் பரிசோதனைகள், அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளின் ஏப்ரில் மாதச் சராசரியோடு ஒப்பிடுகையில் நூற்றுக்கு 87 விழுக்காடு வீழ்ந்துவிட்டன. வீழ்ச்சி எல்லாரிடையும் இருந்தது. ஆயினும் அளவு வேறுபட்டது. ஸ்பானிய வழிவந்த பெண்களிடையே 84 விழுக்காடாக இருந்த வீழ்ச்சி, அமெரிக்கப் பழங்குடிப் பெண்களிடையே 98 விழுக்காடாக இருந்தது. அதாவது, முன்பு நூறு பழங்குடிப் பெண்கள் வந்த இடத்திற்கு அந்த மாதம் இருவரே வந்தனர்.

கொள்ளைநோய் வருமுன்னரே அந்நாட்டில் இன வேறுபாடு வேரூன்றியிருந்தது. கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவாகவே ஏற்படுகின்றது. எனினும் அந்நோயினால் அவர்கள் இறக்கும் வீதமோ ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம். நோய் குறைவாக இருக்க மரணம் மிகுவதேன்? இவ்விடத்தில் இருவகை விடைகள் கூறப்படுகின்றன.

உடலின் இயல்பே காரணம் என்பது முதல் விடை. அதில் ஓரளவு உண்மை உண்டு. வழக்கமான ஓமோன் மருந்துகளுக்கு இணங்காத, விரைந்து பரவும் ஒருவகைப் புற்றுநோய் கறுப்பினப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுகின்றது. ஆயின் இவ்வொன்றைக் கொண்டு முழு வேறுபாட்டையும் விளக்க இயலாது. யப்பானிலிருந்து அமெரிக்காவிற் குடியேறியோரின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். தாய்நாட்டில் இந்நோய் குறைவாக இருந்த அவ்வினத்தவரின் புதல்வியரிடையேயும் பேத்திமாரிடையேயும், புதிய நாட்டின் வாழ்க்கைமுறை பழகப் பழக, நோயின் வீதம் உயர்ந்தது. இரத்தம் மாறவில்லை, இடமும் வாழ்வும் மாறின. இரண்டாவது விடை இங்கிருந்து பிறக்கின்றது. பரிசோதனை நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடையேயுள்ள தூரம், ஒருநாட் கூலியை இழக்க முடியாத வறுமை, அழைப்புக் கடிதத்தின் மொழி, வைத்தியசாலை மீதுள்ள நம்பிக்கை அல்லது அவநம்பிக்கை ஆகியவையே இன வேறுபாடு என்னும் பெயரால் பெரிதும் கணக்கில் ஏறுகின்றன என்பதே அவ்விடை.

இவ்விரண்டாவது விடையை யாழ்ப்பாணத்து நேயர்கள் அயல்நாட்டுப் புள்ளிவிவரமின்றியே விளங்கிக்கொள்ளலாம். ஒரு தாய் வயிற்றுப் பெண்கள் மூவர் என வைத்துக்கொள்வோம். மூவரும் சுழிபுரத்திற் பிறந்தவர்கள். மூவரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். மூத்தவர் ஊரிலேயே வாழ்கின்றார். இரண்டாமவர் இலண்டனில் இருக்கின்றார். இளையவர் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் இருக்கின்றார். இத்தகைய குடும்பங்கள் குடாநாட்டில் ஒழுங்கைக்கு ஒன்றேனும் உண்டு.

இலண்டனில் இருப்பவருக்கு 50 வயது முதல் 71 வயதை எட்டும் வரை, மூன்றாண்டுக்கு ஒருமுறை கதிர்ப்படம் எடுக்க வருமாறு அரசாங்கச் சுகாதார சேவையிலிருந்து கடிதம் வருகின்றது. பிரித்தானியாவில் இத்திட்டம் 1988இல் தொடங்கியது. ஸ்காபரோவில் இருப்பவருக்கு ஒன்ராறியோ மாகாணத்தின் திட்டம் ஒன்று உண்டு. அது 1990இல் தொடங்கியது. ஊரில் இருக்கும் மூத்தவருக்கோ கதிர்ப்படத்திற்கு அழைக்கும் கடிதம் எதுவும் வருவதில்லை. இலங்கையில் எல்லாப் பெண்களையும் அழைத்துக் கதிர்ப்படம் எடுக்கும் தேசியத் திட்டம் இல்லை. மூவரின் இரத்தமும் ஒன்றே. ஆயின் நோய் கண்டுபிடிக்கப்படும் காலம், ஒவ்வொருவரும் வாழும் நாட்டின் ஏற்பாட்டைப் பொறுத்தே அமைகின்றது.

2020 மார்ச்சில் பிரித்தானியாவிலும் ஒன்ராறியோவிலும் வழக்கமான பரிசோதனைகள் நின்றன. சில மாதங்களின் பின் மீண்டும் தொடங்கியபோது, இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டது. முன்னர் நாளும் நேரமும் குறித்துக் கடிதம் வரும். இப்பொழுதோ தொலைபேசியில் அழைத்துத் தாமே நேரம் குறித்துக்கொள்ளுமாறு கடிதம் வந்தது. ஆங்கிலம் சரளமாகப் பேசுவோருக்கு இது ஒரு பொருட்டன்று. பிள்ளைகளின் உதவியின்றித் தொலைபேசியில் ஆங்கிலம் பேசக் கூசும் பெண்ணுக்கோ அது பெருந்தடை. தெற்காசியப் பெண்கள் இப்பரிசோதனைக்குக் குறைவாகவே வருகின்றனர் என்பதைப் பிரித்தானியாவிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகள் கொள்ளைநோய்க்கு முன்னரே காட்டியிருந்தன. இருந்த பள்ளம் கொள்ளைநோயினால் மேலும் ஆழமாயிற்று.

இனி மூத்தவரின் நிலையைக் கவனிப்போம். இலங்கையில் 1996 முதல், ‘வெல் வுமன் கிளினிக்’ என வழங்கும் மகளிர் சுகநல நிலையங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் இயங்கி வருகின்றன. அங்கே இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றோடு கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனையும், கையினால் செய்யப்படும் மார்பகச் சோதனையும் இலவசமாகச் செய்யப்படுகின்றன. 35 வயதை அடைந்த பெண்களையும், பின்னர் 45 வயதை அடைந்த பெண்களையும் சிறப்பாகத் தேடி அழைப்பது இத்திட்டத்தின் முறை. அழைப்பவர் ஊர்தோறும் வீடுவீடாகச் செல்லும் பொதுச் சுகாதார மருத்துவமாது; குடும்பநல உத்தியோகத்தர் என்றும் இவரைக் கூறுவர். பிள்ளைத்தாய்ச்சிகளின் நிறையைப் பார்ப்பவரும், குழந்தையின் தடுப்பூசித் திகதியை நினைவூட்டுபவரும் இவரே. மேலைநாடுகளில் கடிதம் செய்யும் பணியை இங்கே அவர் கையிலுள்ள பதிவேடு செய்கின்றது.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அடுத்த சில நாள்களில் கொழும்பு, கம்பஹா, களுத்துறை, புத்தளம், கண்டி ஆகிய மாவட்டங்களோடு யாழ்ப்பாணமும் ஆபத்து மிக்க மாவட்டமாகக் கொள்ளப்பட்டு, அங்கெல்லாம் ஊரடங்கு நீடித்தது. சுகாதாரப் பணியாளர் நோயாளரைத் தேடுவதிலும், தொடர்புடையோரைத் தனிமைப்படுத்துவதிலும், பின்னர் 2021இல் தடுப்பூசி ஏற்றுவதிலும் மூழ்கினர். மகப்பேற்றுப் பராமரிப்பும் குழந்தைகளின் தடுப்பூசியும் இயன்றவரை நடைபெற்றன. மகளிர் சுகநல நிலையங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அவ்வேளை அது தவிர்க்க முடியாத முடிவாகவே இருந்தது. 2021இல் மே மாதத்திலும் ஓகஸ்ட் மாதத்திலும் மீண்டும் நாடு முடக்கப்பட்டது. அதன் பின்னர் 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிபொருள் வரிசையில் நாள்கணக்காய் நின்ற மக்கள், வருத்தமில்லாத உடம்பைச் சோதிக்க வைத்தியசாலைக்குச் செல்வர் என எதிர்பார்த்தல் கூடுமோ?

இங்கே ஒரு சிறு கணக்கைக் கருதுக. 2020இல் 35 வயதை அடைந்த ஒரு பெண்ணை அவ்வாண்டு எவரும் அழைக்கவில்லை என்று கொள்வோம். அடுத்த அழைப்பு அவருக்கு 45 வயதில், 2030ஆம் ஆண்டிலேயே வரும். நிலையத்தின் கதவு இடைப்பட்ட வயதினருக்கும் திறந்தே இருக்கின்றது. எனினும் தேடிவரும் அழைப்பு வேறு, திறந்திருக்கும் கதவு வேறு. இவ்விடைவெளியில் அவரைத் தேடிச் சென்று அழைப்பது யார் என்பதே கொள்ளைநோய் விட்டுச்சென்ற வினாக்களுள் முதன்மையானது.

குடாநாட்டினுள்ளும் எல்லாப் பெண்களின் நிலையும் ஒன்றன்று. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அண்மையில் வாழும் பெண்ணையும், நெடுந்தீவில் வாழும் பெண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பின்னவர் படகில் குறிகட்டுவான் துறைக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி நகரை அடைய வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் அதுவும் இயலாது. எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு ஆகியவற்றின் நிலையும் இத்தகையதே. போக்குவரத்துக் கட்டுப்பாடு வந்தபோது நகரத்துப் பெண்ணுக்கு வழி குறுகியது. தீவுப் பெண்ணுக்கு வழியே அடைபட்டது.

போரும் இடப்பெயர்வும் பதிவேடுகளைச் சிதைத்தன. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு நீங்கினர். அதே ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னர் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணம் சோனகதெருவிற்குத் திரும்பினர். புத்தளத்தில் ஒரு காலும் யாழ்ப்பாணத்தில் ஒரு காலுமாக வாழும் குடும்பத்துப் பெண்ணின் பெயர் எந்த மருத்துவமாதின் பதிவேட்டில் இருக்கும்? கொள்ளைநோய்க் காலத்தில் இச்சமூகத்திற்கு மேலும் ஓர் அச்சம் சேர்ந்தது. கொவிட் நோயினால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆக வேண்டும் என்ற விதி 2021 பெப்ரவரி வரை இந்நாட்டில் நடைமுறையிலிருந்தது. அடக்கம் செய்வதைச் சமயக் கடமையாகக் கொண்ட மக்களிடையே வைத்தியசாலை மீதான நம்பிக்கையை அது தளரச் செய்தது. அவ்விதிக்காக இலங்கை அமைச்சரவை 2024இல் மன்னிப்புக் கோரியது. நம்பிக்கையும் ஒரு மருந்து என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

எல்லாச் சமூகத்துப் பெண்களுக்கும் பொதுவான தடை ஒன்றுண்டு, அதுவே கூச்சம். மார்பகத்தைப் பற்றி வைத்தியரிடம் பேசவும் நா எழாத பெண்கள் பலர். கட்டி வலிப்பதில்லை; வலிக்காத ஒன்றைப் பெரிதுபடுத்துவானேன் என்பர். மகளின் கலியாணம் முடியட்டும், கோயிற் கொடியேற்றம் முடியட்டும் என நாள்கள் தள்ளிப்போகும். புற்றுநோய் என்னும் பெயர் வெளியே தெரிந்தாற் குடும்பத்தின் சம்பந்தம் கெடும் எனவும் அஞ்சுவர்.

யாழ்ப்பாணத்து வைத்திய வரலாறு இத்தடையை முன்னரே அறிந்திருக்கின்றது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் இளைஞருக்குத் தமிழ் மொழியிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை முதலிய துறை நூல்களைத் தமிழில் ஆக்கினார். நோயாளியின் மொழியிற் பேசாத வைத்தியம் நோயாளியைச் சென்றடையாது என்பது அவரது கொள்கை. ஆண் வைத்தியரிடம் காட்டத் தயங்கும் பெண்களுக்கென 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. மொழியும் மரியாதையும் சிகிச்சையின் பகுதிகளே என்பதை அவ்விரு நிலையங்களும் செயலிற் காட்டின.

விலையுயர்ந்த கதிர்ப்படக் கருவி ஊர்தோறும் வரும் வரை பெண்கள் காத்திருத்தல் வேண்டுமோ எனின், வேண்டியதில்லை. மும்பாய் நகரில் டாட்டா நினைவு வைத்தியசாலை 1998இல் தொடங்கிய ஆய்வொன்றில், 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை இலட்சம் பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பாதியினருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர் இரண்டாண்டுக்கு ஒருமுறையாக நான்கு தடவை கையினால் மார்பகச் சோதனை செய்தனர். இருபது ஆண்டுகளின் பின் 2021இல் முடிவு வெளியாயிற்று. சோதிக்கப்பட்டோரிடம் நோய் முந்திய நிலையிலேயே கண்டறியப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே இந்நோயினால் நேர்ந்த மரணங்கள் நூற்றுக்கு 30 விழுக்காடளவு குறைந்தன. ஐம்பதிற்குக் குறைந்தோரிடையே மரணத்தில் அத்தகைய குறைவு காணப்படவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் பயின்ற கையின் ஆற்றலுக்கு இவ்வாய்வு தக்க சான்றாகும். அத்தகைய கைகள் குடாநாட்டில் ஏற்கெனவே உள.

சிகிச்சைக்கும் முற்காலத்தைப் போல் நானூறு கிலோமீற்றர் கடந்து மகரகமைக்கே செல்ல வேண்டியதில்லை. 2011இல் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பல இனத்தவரும் கால்நடையாக நடந்து திரட்டிய பணத்தைக் கொண்டு, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்று அமைக்கப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. தெற்கே வாழும் சிங்கள மக்களும் தந்த காசு, வடக்கே வாழும் தமிழ்ப் பெண்ணின் மருந்தாயிற்று. இன வேறுபாட்டினால் விளைந்த குறையை மனிதர் விரும்பினால் நிரப்ப இயலும் என்பதை அது உணர்த்துகின்றது.

ஈண்டு ஒரு தவறான ஆறுதலைக் குறித்து எச்சரித்தல் தகும். கொள்ளைநோய் ஆண்டில் ஒரு மாவட்டத்திற் புற்றுநோயாளர் தொகை குறைந்து காணப்பட்டால், நோய் குறைந்தது என மகிழ்தல் கூடாது. தேடாத பொருள் அகப்படாது. அவ்வாண்டில் அகப்படாத நோய் பின்னர் வளர்ந்த நிலையில் அகப்படும். ஆதலின் தவறிய பெண்களைப் பெயர் பெயராக எண்ணுதலே முதற் பணி. அந்த ஆண்டுகளில் 35 வயதையும் 45 வயதையும் அடைந்தோரின் பெயர்கள் மருத்துவமாதரின் பதிவேடுகளில் உள. அவர்களைத் தேடி அழைத்தலும், தீவுகளுக்கு நாள் குறித்து நிலையத்தைக் கொண்டு செல்லுதலும், பெண் பணியாளரே சோதிப்பர் என முன்கூட்டி அறிவித்தலும், பள்ளிவாசல், ஆலயம், தேவாலயம் ஆகியவற்றின் வாயிலாகச் செய்தி பரப்புதலும் பெரும் பணம் வேண்டாத காரியங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த குறிக்கோளின்படி, நூற்றுக்கு 60 பேருக்கேனும் நோய் முதல் இரு நிலைகளிற் கண்டறியப்படல் வேண்டும். வைத்தியரை நாடிய 60 நாள்களுள் நோய் இன்னதென முடிவாதல் வேண்டும். நூற்றுக்கு 80 பேரேனும் சிகிச்சையை முழுமையாகப் பெறல் வேண்டும்.

பெண்கள் மனத்திற் கொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. சுகமாயிருப்போருக்கான பரிசோதனை கொள்ளைநோய்க் காலத்திற் சில மாதங்கள் தள்ளிப்போகலாம். அறிகுறி கண்டவருக்கு அவ்விதி பொருந்தாது. மார்பகத்திலோ அக்குளிலோ புதிதாகத் தென்படும் கட்டி, தோலிற் குழிவு, உள்ளிழுக்கப்பட்ட முலைக்காம்பு, அதிலிருந்து இரத்தம் கசிதல், ஆறாத புண் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும், கிளினிக் நாள் வரும் வரை காத்திராது, அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். ஊரடங்கு வேளையிலும் வைத்தியத் தேவைக்குச் செல்ல வழி உண்டு. கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதனை உறுதி செய்துகொண்டு நிம்மதியாக வீடு திரும்புவதற்காகவேனும் சென்று காட்டுதல் நன்று. தாய்க்கு அச்சமாயின் மகள் துணை செல்லட்டும்; மனைவிக்குக் கூச்சமாயின் கணவன் அழைத்துச் செல்லட்டும். கடல்கடந்து வாழும் சகோதரிமார், ஊரிலுள்ள அக்காவிடம் தொலைபேசியிற் சுகம் விசாரிக்கும்போது, கிளினிக்குக்குப் போய்க் காட்டினீர்களா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும்.